நக்கிள் பூம் கிரேனும் கிராப்பிள் ரம்பமும்: டர்பனில் மரம் இறக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் மரம் எடுப்பது என்றாலே முதல் தலைவலி இடம்தான். சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். கொல்லையில் 20 மீட்டர் கம் மரம், அதாவது ஊரில் நாம் தைல மரம் என்கிறோமே, அதன் இனம். ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக் கூரை, மறுபக்கம் மின்கம்பி. அப்படியே சாய்க்க வழியே கிடையாது. ஆள் ஏறி, கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்கித்தான் பழக்கம். லாரியில் மடங்கும் கையாக நிற்கும் நக்கிள் பூம் கிரேனும், அதன் நுனியில் கவ்விப் பிடித்து அறுக்கும் கிராப்பிள் ரம்பமும் வந்த பிறகு பல இடங்களில் யாரும் ஏறாமலே அந்த வேலை முடிகிறது. ஆபத்து போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மேலே தொங்கியவரிடமிருந்து கீழே ரிமோட் வைத்திருப்பவர் கைக்கு அது மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேலையில் கை வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி கொடுக்கும் பயிற்சிக்கு இது மாற்று ஆகாது. பயிற்சியில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகும் விஷயங்களைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இயந்திரத்தைப் பற்றி

நக்கிள் பூம் என்பது லாரியின் சேசிஸ் மேல் உட்கார்ந்து நடுவில் மடங்கும் ஹைட்ராலிக் கை. பால்ஃபிங்கர், ஹியாப், ஃபாஸி என்று பெயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்பி வடத்தில் கொக்கி தொங்கும் கிரேனில் பொருள் ஊஞ்சலாடும், இதில் அந்த அளவுக்கு ஆடாது. மடங்குவதால் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கலாம், கிளைகளுக்கு அடியில் நுழையலாம். நுனியில் மாட்டும் தலைதான் கிராப்பிள் ரம்பம். கவ்விப் பிடிக்க இரண்டு பக்கமும் விரல்கள், தலையைச் சுழற்ற ரொட்டேட்டர், பிடிக்குக் கீழே ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடும் செயின் ரம்பம். பின்லாந்தின் மெகானில், ஆஸ்திரியாவின் வுட்கிராக்கர் போன்ற தலைகள் இந்த வகை.

கிரேனின் பலத்தை டன்-மீட்டரில் சொல்வார்கள். 40 டன்-மீட்டர் என்றால் 10 மீட்டர் தூரத்தில் 4 டன், 20 மீட்டரில் 2 டன் என்பது காகிதக் கணக்கு. பூம் நீள நீள அதன் சொந்த எடையே பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். உண்மையான எண், எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டில் இருக்கிறது. அதிலிருந்து கிராப்பிள் தலையின் எடையையும் கழிக்க வேண்டும். தலையின் தகட்டிலேயே எடை பொறித்திருக்கும். நானூறு கிலோ தலையை மாட்டிவிட்டு அதைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் உண்டு.

புதியவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணா, இது எவ்வளவு தூக்கும்?" அந்தக் கேள்விக்குச் சார்ட் பதில் சொல்லிவிடும். சார்ட் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த எடை பிடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது?

பிடி அடியில், பாரம் தள்ளி

கயிறு கட்டித் தூக்கும்போது பாரமையத்துக்கு மேலே கட்டலாம், துண்டு தானாக நேராகத் தொங்கும். கிராப்பிள் ரம்பத்தில் அந்த வசதி இல்லை. ரம்பம் பிடிக்கு ஒட்டியே இருப்பதால், எப்போதும் துண்டின் அடியைத்தான் பிடிக்கிறீர்கள். அறுத்து முடித்த நொடியில் முழு உச்சியும் உங்கள் பிடிக்கு மேலே நிற்கிறது. ஒரு நீண்ட ஒட்டடைக் கம்பை அடிமுனையில் ஒரே கையால் பிடித்து நிமிர்த்திப் பாருங்கள். கம்பு கனமே இல்லை, ஆனாலும் மணிக்கட்டு திருகிக்கொள்ளும். பூமின் நுனிக்கும் ரொட்டேட்டருக்கும் அதுதான் நடக்கிறது.

பக்கவாட்டுக் கிளை என்றால் இன்னும் மோசம். 300 கிலோ கிளையின் பாரமையம் பிடியிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருந்தால், ரொட்டேட்டரில் விழும் திருகு 600 கிலோகிராம்-மீட்டர். அதே 300 கிலோ குட்டையான கட்டையாக இருந்தால் திருகு அதில் ஒரு சிறு பங்குதான். சார்ட்டில் இரண்டும் ஒரே எடை. தொங்கும் வகைத் தலையில் பாரமையம் மேலே இருந்தால் துண்டு குப்புற விழுந்து சுழலும். விறைப்பாகப் பொருத்திய தலையில் துண்டு அசையாது, அந்தத் திருகு முழுவதும் பூமுக்குள் போகும். உங்கள் தலை எந்த வகை, கையேடு எவ்வளவு அனுமதிக்கிறது என்பதை வேலைக்குப் போகும் முன் படித்துவிடுங்கள்.

அதனால் சார்ட் ஒரு டன் சொன்னாலும் கிளை பரந்த உச்சித் துண்டை அதில் பாதிக்கும் குறைவாக எடுப்பதுதான் என் வழக்கம். நாள் முடிவில் அரை மணி கூடுதலாகும். ஆகட்டும்.

எடையைக் கண்ணால் கணக்கிட

பச்சைக் கம் மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன், சிலது அதைவிடக் கூடுதல். இதை வைத்து ஒரு சுலபக் கணக்கு: துண்டின் நடுச் சுற்றளவை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 80ஆல் பெருக்கினால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 1.5 மீட்டர், நீளம் 3 மீட்டர் என்றால் 2.25 × 3 × 80, அதாவது 540 கிலோ. கிளையும் இலையும் இருந்தால் அதன் மேல் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் இலை சுமக்கும் தண்ணீரும் கணக்கில் வரும்.

மேலே இருக்கும் துண்டின் சுற்றளவை டேப் வைத்து அளக்க முடியாதுதான். கீழே அளந்த தண்டோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள். முதல் துண்டை வேண்டுமென்றே சின்னதாக எடுத்து, இறக்கியதும் அளந்து, கிரேன் திரை காட்டிய எடையோடு சரிபாருங்கள். அந்த மரத்துக்கு உங்கள் கண் எவ்வளவு பிசகுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இடத்தைப் பார்க்கும்போது

முதல் நாள் ஒரு தடவை, வேலை அன்று காலை ஒரு தடவை மரத்தைச் சுற்றி வாருங்கள். மேலே மின்கம்பி, கீழே தரை, மரத்துக்குள்ளே உயிர்கள்.

கம்பிக்குப் பக்கத்தில் வேலை இருந்தால் முன்கூட்டியே மாநகராட்சி மின்துறையை அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும். அமெரிக்க கிரேன் விதிகளில் 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிக்குக் குறைந்தபட்ச இடைவெளி 10 அடி, சுமார் 3 மீட்டர். பூம் மட்டுமல்ல, பிடித்திருக்கும் கிளையின் நுனியும் அந்த இடைவெளிக்கு உள்ளே வரக் கூடாது. மின்வெட்டு நேரம்தானே என்று கம்பியை நம்பாதீர்கள். எப்போது திரும்ப வரும் என்று கம்பி சொல்லாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைத்திருந்தால் நின்றுபோன கம்பியிலும் மின்சாரம் திரும்பி ஓடும்.

தேனீ இருக்கிறதா பாருங்கள். இங்குள்ள ஆப்பிரிக்கத் தேனீ அதிர்வைப் பொறுக்காது, கூட்டமாக வந்து கொட்டும். பொந்துள்ள மரத்தில் தட்டிப் பார்க்கும் முன் கொஞ்சம் தள்ளி நின்று பொந்தின் வாசலை ஐந்து நிமிடம் கவனியுங்கள். கடலோரப் பக்கம் அடர்ந்த மாமரங்களில் பச்சை மாம்பா இருப்பதுண்டு. அது இருந்தால் பாம்பு பிடிப்பவர் வரும்வரை வேலையை நிறுத்துங்கள், பேச்சே வேண்டாம்.

பிறகு இது எந்த மரம் என்பது. வெள்ளை மில்க்வுட் போன்ற சில மரங்கள் 1998ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, உரிமம் இல்லாமல் தொடக் கூடாது. தெருவோர மரம் மாநகராட்சிக்குச் சொந்தம், வீட்டுக்காரர் சம்மதம் போதாது. வேம்பின் உறவான சிரிங்கா மரம், வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் தாவரங்களின் பட்டியலில் இருப்பதால் அதை எடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் நம் வீடுகளில் பலர் அதன் இலையை வேப்பிலைக்குப் பதிலாக வைத்திருப்பார்கள். ரம்பம் ஓடும் முன் வீட்டு ஆயாவிடம் கேட்டுவிடுங்கள், நாலு கொத்து ஒதுக்கி வைத்தால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

லாரியை நிறுத்துவது

விபத்துகள் பெரும்பாலும் மேலே நடப்பதாகத் தோன்றும். அவற்றில் பல, லாரி நின்ற இடத்திலேயே ஆரம்பித்திருக்கும்.

லாரி சாயாமல் தாங்கப் பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர் கால் ஒன்றில் 8 டன் இறங்குகிறது, அடியில் 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். பரப்பு 0.36 சதுர மீட்டர். தரையில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 22 டன். அதே காலுக்கு ஒரு மீட்டர் சதுரப் பலகை போட்டால் அது 8 டன்னாகக் குறையும். பலகைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். டர்பனின் பெரியா பகுதிச் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கெட்டியாகத் தெரியும், ஈரமானால் வேறு குணம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எத்தனையோ சரிவுகள் அப்போது சரிந்தன. அதற்குப் பிறகு அவசரமாகக் கட்டிய தாங்கு சுவர்கள் இன்னும் பல கொல்லைகளில் நிற்கின்றன. அந்தச் சுவரின் மேல்விளிம்பை ஒட்டி அவுட்ரிகர் ஊன்றாதீர்கள். சுவரின் உயரம் 2 மீட்டர் என்றால் விளிம்பிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்பது நல்லது, மண் தளர்வாக இருந்தால் அதன் இரு மடங்கு. மழைநீர்க் குழாய், செப்டிக் டேங்க், நீச்சல் குளம் எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பழைய வீட்டில் செப்டிக் டேங்க் எங்கே புதைந்திருக்கிறது என்பது தாத்தாவுக்கு மட்டுமே தெரிந்திருக்கும், அவரையும் கேளுங்கள்.

தெரு குறுகல் என்று ஒரு பக்கக் காலை முழுதாக நீட்டாமல் விட்டால், அந்தப் பக்கத்தில் கிரேனின் பலம் வெகுவாகக் குறையும். புதிய கிரேன்களில் கால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கணினி பார்த்து அதற்கேற்பக் கட்டுப்படுத்தும். பழைய கிரேனில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். லாரியின் முன்பக்கம், கேபினுக்கு நேர் மேலே, பல கிரேன்களில் பலம் குறைந்த பகுதி. மரம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து லாரியைத் திருப்பி நிறுத்துங்கள்.

அறுப்பது, படிப்படியாக

ரிமோட்டை இடுப்பில் கட்டுவதற்கு முன் நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். துண்டின் பிடியும் நுனியும் இரண்டும் தெரிய வேண்டும். பூமுக்கு அடியில் நிற்கக் கூடாது, லாரிக்கும் இறங்கும் துண்டுக்கும் நடுவிலும் கூடாது. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பேட்டரி மாற்று ஒன்று பையில் இருக்கட்டும்.

கிராப்பிளைத் திறந்து மரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். எண்ணெய் போகும் ஹோஸ் எந்தக் கொப்பிலும் மாட்டாத பக்கமாக நுழைவது முக்கியம். கவ்வியதும் விரல்கள் இரண்டு பக்கமும் மரத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். கம் மரத்தில் பட்டை நார்நாராக உரியும். உரிந்த பட்டைக்கு மேல் பிடித்தால் பிடி வழுக்கும், ஒரு தடவை தளர்த்தி உரசிவிட்டு மறுபடி பிடியுங்கள். உள்ளே பொத்தல் விழுந்த மரமானால் கிராப்பிளின் அழுத்தமே தண்டை நசுக்கிவிடும். சத்தம் கேட்டால் அந்த இடத்தை விட்டுக் கீழே இறங்கி ஆரோக்கியமான மரத்தைப் பிடியுங்கள்.

இப்போது வருவதுதான் கைப்பழக்கம். அறுக்கும் முன் பூமை மெல்ல மேலே கொடுத்து, நீங்கள் கணக்கிட்ட எடையில் பெரும்பகுதி திரையில் ஏறும்வரை தாங்குங்கள். கொஞ்சம்கூடத் தாங்காமல் அறுத்தால் கிளை தொய்ந்து, செயின் ஓடும் தகடான பாரைக் கவ்விக்கொள்ளும், கடைசியில் துண்டு தடாலென்று பிடியில் விழும். அளவுக்கு மேல் தாங்கினால் நார் அறுந்ததும் பூம் மேலே எகிறும். உச்சியிலுள்ள இலைகள் லேசாக அசைந்து நின்றதும் நிறுத்துங்கள். அங்கேதான் சரியான அளவு இருக்கிறது என்பதைக் கை சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

ரம்பத்தைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் விடுங்கள். பெரிதாகச் சாய்ந்த தண்டில் கவனம் வேண்டும், இழுவிசை உள்ள பக்கம் நீளவாக்கில் பிளந்து மேலே கிழியலாம். கம் மரம் பிளவுபடுவதில் பேர்போனது. அப்படிப்பட்ட இடத்தில் துண்டைச் சிறிதாக்குங்கள். பார் சிக்கினால் இழுக்காதீர்கள், பூமை விரலளவு மேலே கொடுத்துப் பாருங்கள், விடவில்லை என்றால் விரலளவு கீழே. யாரையும் அடியில் அனுப்பி அடிக்கச் சொல்லாதீர்கள்.

அறுத்ததும் உடனே சுழற்றாதீர்கள். பார் உள்ளே திரும்பிவிட்டதா, துண்டு ஆடாமல் நின்றதா என்று பார்த்துவிட்டு, முதலில் பூமைக் கிட்டே இழுங்கள், அப்புறம் திருப்புங்கள். கிட்டே வரும்போது கிரேனின் பலம் கூடிக்கொண்டே வரும். கனம் அதிகமாகிப் பாதுகாப்புக் கருவி பூமை நிறுத்திவிட்டால், பாரத்தைக் கூட்டும் அசைவுகளை அது மறுக்கும், கிட்டே இழுப்பதை மட்டும் அனுமதிக்கும். அந்த நிலைக்கு வந்தால் அடுத்த துண்டைப் பாதியாக்குங்கள். கருவியைத் தாண்டிச் செல்லும் சாவியைத் தொட வேண்டாம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. டர்பனில் தென்மேற்குக் காற்று எந்த அறிவிப்பும் இல்லாமல் திரும்பும். இலை நிறைந்த உச்சி கப்பல் பாய்மாதிரி காற்றைப் பிடிக்கும். கையேட்டில் உள்ள காற்று வரம்புக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

செயினும் எண்ணெயும்

ஓடும் ரம்பத்தின் பாருக்கு நேர்கோட்டில், முன்னாலும் பின்னாலும், யாரும் நிற்கக் கூடாது. இந்த வகை ரம்பங்களின் செயின் நொடிக்கு 40 மீட்டர் வரை ஓடுகிறது. அறுந்தால் அதன் சிறு கண்ணி துப்பாக்கிக் குண்டு போல் பறக்கும், இதைச் செயின் ஷாட் என்கிறார்கள். கிரேன் கண்ணாடி அதைத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். மழுங்கிய பல், விரிசல் விட்ட கண்ணி, எண்ணெய் வராத பார், மூன்றும் இதற்கு வழி. ஒவ்வொரு நாளும் காலையில் செயினை நகத்தால் தடவிப் பாருங்கள்.

ஹோஸில் நுண்ணிய ஒழுக்கு இருந்தால் கையால் தேடாதீர்கள். அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலுக்குள் ஊசி போலப் பாய்ந்துவிடும். வெளியே புள்ளி மட்டும் தெரியும், உள்ளே திசு அழியும். வலி இல்லை என்றாலும் அப்போதே மருத்துவமனை போக வேண்டும், எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கீழே இருப்பவர்கள்

இங்கு குழுவில் தமிழ், ஜூலு, ஆங்கிலம் மூன்றும் புழங்கும். ரேடியோ இருந்தாலும் நிறுத்தும் சொல் ஒன்றை எல்லாரும் முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். "யிமா" என்றால் ஜூலுவில் நில். அதை யார் கத்தினாலும், புதுப் பையன் கத்தினாலும், ஆபரேட்டர் கையை எடுக்க வேண்டும். மற்ற சைகைகளைத் தருவது ஒரே ஆள்தான். துண்டு தரையில் பட்டு, கிராப்பிள் திறந்து, ஆபரேட்டர் ரிமோட்டிலிருந்து கையைத் தூக்கிக் காட்டும்வரை யாரும் நெருங்கக் கூடாது. வெட்டும் பகுதிக்குள் வீட்டுக்காரர் போனோடு வருவார், இது நடக்கும். வாசலில் ஒருவரை நிறுத்துங்கள்.

காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். 16 டன்னுக்கு மேற்பட்ட, டிரெய்லர் இணைப்பு இல்லாத லாரிக்கு சி வகை ஓட்டுநர் உரிமமும் சரக்கு ஓட்டும் தொழில் அனுமதியும் வேண்டும். கிரேன் இயக்கத் தனிப் பயிற்சிச் சான்று வேண்டும். 1993ஆம் ஆண்டுத் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கிரேன் 12 மாதத்துக்குள் ஒரு தடவையாவது சோதிக்கப்பட வேண்டும், அந்தச் சான்று லாரியிலேயே இருக்கட்டும். சாலையை அடைக்கப் போகிறீர்கள் என்றால் மெட்ரோ போலீஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மரத்தை என்ன செய்வது

கிராப்பிளால் எதையும் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். முழுதாகக் காய்ந்து உளுத்த மரம், பாதி பிளந்து நிற்கும் மரம், பூம் எட்டாத அகலமான உச்சி, இவற்றுக்குப் பழைய முறைதான் நல்லது. ஏறுபவரும், சிலிங் என்ற தூக்குவார் கட்டித் தூக்கும் கிரேனும், அனுபவமும்.

இன்னொன்று, துளைப்பான் வண்டு. பாலிபேகஸ் ஷாட் ஹோல் போரர் என்று பெயர். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில்தான் இந்த நாட்டில் அடையாளம் கண்டார்கள். தன்னோடு ஃபியூசேரியம் பூஞ்சையைக் கொண்டுபோய் மரத்துக்குள் வளர்க்கும், பிளேன் மரம், பாக்ஸ் எல்டர், அவகாடோ எல்லாவற்றையும் தாக்கும். பட்டையில் பென்சில் முனை அளவுத் துளைகள், அதைச் சுற்றி ஈரக் கறை இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் கட்டையை விறகுக்காக யாருக்கும் கொடுத்து அனுப்பாதீர்கள். அங்கேயே சிப்பரில் நறுக்கிக் கம்போஸ்ட் குவியலிலோ பிளாஸ்டிக்கால் மூடி வெயிலிலோ வையுங்கள். கிராப்பிள் விரல்களையும் ரம்பத்தையும் அடுத்த இடத்துக்குப் போகும் முன் துடைத்து, சானிடைசர் தெளித்துவிடுங்கள். மரத்தூள் மூடிய லாரியோடு அடுத்த தோட்டத்துக்குள் போனால், வண்டும் உங்களோடு வரும்.

கிளம்பும்போது பூம் முழுதாக மடிந்திருக்கிறதா, அவுட்ரிகர் பூட்டுகள் போட்டிருக்கிறதா என்று ஒருவர் லாரியைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும், அதை ஓட்டுநர் அல்லாத ஆள் செய்வது நல்லது. ஏற்றிய கட்டையோடு சேர்த்து மொத்த உயரம் 4.3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பாலத்தின் அறிவிப்புப் பலகை எதுவும் உங்கள் பூமை அளந்து எழுதியதல்ல, ஒரு அளவுக்கோலை லாரியிலேயே கட்டி வையுங்கள்.